ஒரே பெயர், இரண்டு வட்டுகள்: பெர்ஃபோர்ஸ் ஒர்க்ஸ்பேஸும் தானியங்கி பில்டும்

ஓர் இயந்திரத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பில்ட் வேலையை, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து நிரலைத் தானாக உருவாக்கும் வேலையை, இரண்டாவது இயந்திரத்துக்கும் விரிவாக்கும்போது, பெர்ஃபோர்ஸ் பயன்படுத்தும் குழுக்கள் ஒரு விசித்திரமான லாகைச் சந்திப்பதுண்டு. கோப்புகளை இறக்கும் கட்டம் பிழையின்றி முடிந்ததாகவும், எல்லாக் கோப்புகளும் ஏற்கெனவே நடப்பு நிலையில் இருப்பதாகவும் அந்த லாக் சொல்கிறது. அடுத்த சில வரிகளிலேயே கம்பைலர், மூலக் கோப்பையே காணவில்லை என்று நின்றுவிடுகிறது. இயந்திரத்துக்குள் சென்று பார்த்தால் கோப்புறை காலியாக இருக்கிறது. நெட்வொர்க்கையும் அனுமதிகளையும் வட்டின் இடவசதியையும் ஒரு நாள் முழுக்கச் சோதித்த பிறகும் காரணம் பிடிபடாமல் போவதற்கு, தவறு இந்த மூன்றிலும் இல்லாததே காரணம். பெர்ஃபோர்ஸில் ஒர்க்ஸ்பேஸ் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது.

## ஒர்க்ஸ்பேஸ் என்பது கோப்புறை அல்ல

பெர்ஃபோர்ஸ், கிறிஸ்டோபர் சைவால்ட் 1995-இல் தொடங்கிய நிறுவனத்தின் வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள், அதாவது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்; ஹீலிக்ஸ் கோர் என்ற பெயரிலும் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. பெரிய பைனரி கோப்புகள் குவியும் விளையாட்டு நிறுவனங்களிலும் சிப் வடிவமைப்பு நிறுவனங்களிலும் இன்றும் இதன் பிடி தளரவில்லை. அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள நான்கு சொற்கள் போதும்.

1. டிப்போ: சர்வரில் எல்லாக் கோப்புகளும் அவற்றின் எல்லா ரிவிஷன்களும் (பதிப்புகளும்) இருக்கும் கிடங்கு.

2. கிளையன்ட் ஸ்பெக்: ஒரு ஒர்க்ஸ்பேஸின் வரையறைப் படிவம். பெயர், உரிமையாளர், ஹோஸ்ட், ரூட், ஆப்ஷன்கள், வரி முடிவு, வியூ ஆகிய புலங்கள் இதில் உண்டு. இப்படிவம் சர்வரில்தான் சேமிக்கப்படுகிறது. பயனரின் இயந்திரத்தில் அல்ல.

3. வியூ: டிப்போவின் எந்தப் பகுதி, ஒர்க்ஸ்பேஸின் எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் பொருத்தம். முன்னால் கழித்தல் குறி இட்ட வரி ஒரு பகுதியை விலக்கும். இரண்டு வரிகள் முரண்பட்டால் பின்னால் வருவதே செல்லும்.

4. ஹேவ் லிஸ்ட்: இந்த ஒர்க்ஸ்பேஸின் கைவசம் எந்தக் கோப்பின் எத்தனையாவது ரிவிஷன் இருக்கிறது என்று சர்வர் எழுதி வைத்திருக்கும் பட்டியல். இதைக் கைவசப் பட்டியல் என்று அழைக்கலாம்.

இந்த நான்காவது சொல்லில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. கோப்புகளை வட்டுக்கு இறக்கும் சிங்க் கட்டளையைக் கொடுத்ததும் சர்வர், கேட்கப்பட்ட ரிவிஷன்களையும் கைவசப் பட்டியலையும் ஒப்பிட்டு, வேறுபடும் கோப்புகளை மட்டும் அனுப்புகிறது. பயனரின் வட்டில் அந்தக் கோப்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று அது சோதிப்பதில்லை. நூலகப் பதிவேட்டில் ஒரு புத்தகம் உங்கள் பெயரில் எழுதப்பட்டுவிட்டால், அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதா என நூலகர் வந்து பார்ப்பதில்லை. பதிவேடு சொல்வதே அவருக்கு உண்மை. பத்து லட்சம் கோப்புகள் கொண்ட ஒரு திட்டத்தில், மாறிய நாற்பது கோப்புகளை மட்டும் சில நொடிகளில் அனுப்பிவிட முடிவது இந்த ஏற்பாட்டால்தான். வேகத்துக்காகச் செய்துகொண்ட இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒரு ஒர்க்ஸ்பேஸ் பெயருக்கு ஒரே ஒரு வட்டு இருக்க வேண்டும், அந்த வட்டைச் சர்வருக்குத் தெரியாமல் யாரும் கலைக்கக் கூடாது.

கிட் என்ற இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளைப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கிட்டில் எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு, அதே கோப்புறைக்குள் இருக்கும் மறைவான கோப்பகத்தில் சேமிக்கப்படுகிறது. கோப்புறையை அழித்தால் குறிப்பும் சேர்ந்தே அழியும். மறுபடி குளோன் செய்தால் இரண்டும் சேர்ந்தே வரும். சப்வெர்ஷனிலும் ஏறத்தாழ அப்படியே. பெர்ஃபோர்ஸில் கோப்புறையை அழிப்பது பாதி வேலை மட்டுமே. மறுபாதி சர்வரில் அப்படியே நிற்கிறது.

## ஒரே பெயரை இரண்டு இயந்திரங்கள் பகிர்ந்தால்

முதல் இயந்திரத்தை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பில்ட் வேலை ஒரே ஒர்க்ஸ்பேஸ் பெயரைப் பயன்படுத்துகிறது. ரூட் பாதையும் ஒன்றே.

1. அ, 5000-ஆவது சேஞ்ச்லிஸ்ட் (ஒன்றாகச் சமர்ப்பிக்கப்பட்ட மாற்றங்களின் எண்ணிட்ட தொகுப்பு) வரை சிங்க் செய்கிறது. எல்லாக் கோப்புகளும் அதன் வட்டுக்கு வருகின்றன. கைவசப் பட்டியலும் 5000-ஐக் காட்டுகிறது.

2. ஆ அதே பெயரில் 5000-ஐக் கேட்கிறது. பட்டியலின்படி எல்லாம் கைவசம் இருப்பதால் ஒரு கோப்பும் வருவதில்லை. இதுவே கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன காலிக் கோப்புறை.

3. சிறிது நேரம் கழித்து ஆ, 5010-ஐக் கேட்கிறது. இடையில் மாறிய கோப்புகள் பன்னிரண்டு என்றால் அந்தப் பன்னிரண்டு மட்டும் ஆ-வின் வட்டுக்கு வருகின்றன; பட்டியல் 5010-க்கு நகர்கிறது.

4. பிறகு அ, 5020-ஐக் கேட்கிறது. 5010-க்கும் 5020-க்கும் இடையில் மாறியவை மட்டும் வருகின்றன. முன்பு ஆ-வுக்குப் போன பன்னிரண்டு கோப்புகள் அ-வின் வட்டில் பழைய நிலையிலேயே தங்கிவிடுகின்றன.

இரண்டாவது கட்டத்தில் நேரும் தோல்வி உடனே கண்ணில் படுவதால் அதனால் பெரிய கேடு இல்லை. நான்காவது கட்டம்தான் ஆபத்தானது. அங்கே பில்ட் தோற்பதில்லை. பழையதும் புதியதும் கலந்த மூலக் கோப்புகளிலிருந்து ஒரு நிரல் வெற்றிகரமாகவே உருவாகி, 5020 என்ற முத்திரையுடன் சோதனைக்குப் போகிறது. 5007-இல் சரிசெய்யப்பட்ட பிழை 5020-இல் திரும்ப வந்துவிட்டதாகச் சோதனையாளர் எழுதுகிறார். நிரலாளர் தன் இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

## ஸ்பெக்கின் எந்தப் புலம் இயந்திரத்தைச் சார்ந்தது

ஸ்பெக்கில் உள்ள புலங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் அமைப்பு வேலை எளிதாகும். வியூ, ஆப்ஷன்கள், வரி முடிவு ஆகியவை திட்டத்தைச் சார்ந்தவை. எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை. பெயர், ஹோஸ்ட், ரூட் ஆகியவை இயந்திரத்தைச் சார்ந்தவை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டியவை. முதல் வகையைக் கையால் நகலெடுப்பதும் இரண்டாம் வகையைப் பகிர்வதும்தான் நடைமுறையில் காணப்படும் தவறுகளில் பெரும்பகுதி.

ஹோஸ்ட் புலத்தை நிரப்பினால், அந்தப் பெயர் கொண்ட இயந்திரத்திலிருந்து மட்டுமே ஒர்க்ஸ்பேஸைப் பயன்படுத்தச் சர்வர் அனுமதிக்கும். வேறெங்கிருந்து கட்டளை வந்தாலும் மறுக்கும். வெறுமையாக விட்டால் எங்கிருந்தும் பயன்படுத்தலாம். புதிய ஸ்பெக்கை உருவாக்கும்போது, உருவாக்கும் இயந்திரத்தின் பெயர் தானாகவே இதில் எழுதப்படுகிறது. பிழைச் செய்தி வந்ததும் இந்தப் புலத்தை அழித்துவிடும்படி அறிவுரை சொல்வது பரவலான வழக்கம். அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது. மேலே கண்ட நான்கு கட்டங்களும் நடக்காமல் தடுப்பது அந்தப் பூட்டுதான். வெறுமையாக விடுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. பில்டுக்காகத் தனியே எழுப்பப்படும் சிறு சூழலான டாக்கர் கன்டெய்னர் ஒவ்வொரு முறையும் புதிய ஹோஸ்ட் பெயருடன் எழுவதால், நேற்று உருவான ஒர்க்ஸ்பேஸை இன்றைய கன்டெய்னர் தொட முடியாமல் போகும். அங்கேயும் புலத்தை அழிப்பதைவிட, கன்டெய்னருக்கு நிலையான ஹோஸ்ட் பெயர் கொடுப்பதோ, பெர்ஃபோர்ஸின் ஹோஸ்ட் சூழல் மாறியில் ஒரு பெயரைக் குறிப்பதோ பாதுகாப்பானது.

ரூட் என்பது கோப்புகள் வந்து இறங்கும் பாதை. விண்டோஸிலும் லினக்ஸிலும் பாதையின் வடிவமே வேறு என்பதால், மாற்று ரூட்கள் என்ற புலத்தில் இன்னும் இரண்டு பாதைகளை எழுதிக்கொள்ள இடம் உண்டு. கட்டளை எந்தக் கோப்புறையில் இருந்து வருகிறதோ, அதனுடன் பொருந்தும் முதல் பாதை ரூட்டாக எடுத்துக்கொள்ளப்படும். எதுவும் பொருந்தாவிட்டால் முதன்மை ரூட்டே செல்லும். விண்டோஸ் பாதை இருந்தால் அதையே முதன்மை ரூட்டாக எழுத வேண்டும். இந்த வசதியைப் பார்த்ததும், ஒரே ஒர்க்ஸ்பேஸை விண்டோஸ், லினக்ஸ் இயந்திரங்கள் இரண்டிலும் பயன்படுத்தலாம் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆனால் மாற்று ரூட்கள் எத்தனை இருந்தாலும் கைவசப் பட்டியல் ஒன்றுதான். எனவே இது பொருந்துவது, ஒரே நெட்வொர்க் வட்டை இரண்டு இயங்குதளங்களும் இரண்டு பாதைகளில் காணும் சூழலுக்கு மட்டுமே. இரண்டு தனி வட்டுகளுக்கு இது தீர்வாகாது.

ஆப்ஷன்களில் பில்ட் இயந்திரத்துக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது கிளாபர். பெர்ஃபோர்ஸ் இறக்கும் கோப்புகள் வழக்கமாகப் படிக்க மட்டுமே அனுமதி கொண்டவை. அவற்றில் ஒன்றை யாரேனும் எழுதத் தக்கதாக மாற்றியிருந்தால், அதன் மேல் எழுத சிங்க் மறுத்துவிடும். மனிதரின் இயந்திரத்தில் இது நல்ல காவல். பில்ட் இயந்திரத்திலோ, பதிப்பு எண்ணைப் பதிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு கோப்பை மாற்றிவிட்டுப் போன பிறகு அடுத்த பில்ட் முழுவதும் அந்த ஒரு கோப்பால் நின்றுபோகும். அங்கே காக்க வேண்டிய உழைப்பு எதுவும் இல்லை என்பதால் கிளாபரை அனுமதிப்பதே சரி.

இரண்டாவது மோட்டைம். இதை இயக்கினால், டிப்போவுக்கு அனுப்பியபோது கோப்புக்கு இருந்த நேரமே இறக்கும்போதும் பதியும். இயக்காவிட்டால் இறக்கிய நேரம் பதியும். மேக் (make) போன்ற பில்ட் கருவிகள் நேரத்தை ஒப்பிட்டுத்தான் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று தீர்மானிக்கின்றன. ஒருவர் திங்களன்று எழுதிய கோப்பை வியாழனன்று சமர்ப்பிக்கிறார். பில்ட் இயந்திரத்தில் அதன் பழைய வடிவைக் கம்பைல் செய்து புதனன்று உருவான ஆப்ஜெக்ட் கோப்பு இருக்கிறது. மோட்டைம் இயங்கினால் வந்திறங்கும் கோப்பின் நேரம் திங்கள் என்பதால், மேக் அதைப் பழையதென்று தள்ளிவிடும். மாறியதை மட்டும் கம்பைல் செய்யும் படிப்படியான பில்டுகளுக்கு இதை இயக்காமல் விடுவதே நல்லது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணான ஹாஷை ஒப்பிடும் பில்ட் கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

வரி முடிவுப் புலம் சிறியது, ஆனால் ஓர் இடத்தில் கடிக்கும். இயல்பு நிலையில் விண்டோஸில் இறங்கும் உரைக் கோப்புகள் விண்டோஸ் வரி முடிவுடன் வரும். அதே கோப்புறையை லினக்ஸ் கன்டெய்னருக்குள் இணைத்து ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டினால், முதல் வரியின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியால் அது ஓடாது. அத்தகைய ஒர்க்ஸ்பேஸுக்கு வரி முடிவை யுனிக்ஸ் என்று குறிக்க வேண்டும்.

## பெயரிடும் முறையும் வார்ப்புருவும்

ஒர்க்ஸ்பேஸின் பெயர், அதன் வட்டை ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காட்ட வேண்டும். பில்டுகளைத் தானாக இயக்கும் கருவியான ஜென்கின்ஸின் பெர்ஃபோர்ஸ் செருகுநிரல் இயல்பாகத் தரும் பெயர் வடிவத்திலேயே இதற்கான விடை இருக்கிறது: ஜென்கின்ஸ் என்ற முன்னொட்டு, அதைத் தொடர்ந்து ஏஜென்டின் (பில்டை ஓட்டும் இயந்திரத்தின்) பெயர், வேலையின் பெயர், எக்ஸிக்யூட்டர் (ஓர் ஏஜென்டில் ஒரு வேலையை ஓட்டும் இடம்) எண். கடைசிப் பகுதியைத் தேவையற்றதென நீக்குபவர்கள் உண்டு. ஓர் ஏஜென்டில் இரண்டு எக்ஸிக்யூட்டர்கள் இருந்து, ஒரே வேலை ஒரே சமயத்தில் இரு முறை ஓட அனுமதிக்கப்பட்டிருந்தால், ஜென்கின்ஸ் இரண்டாவது ஓட்டத்துக்குத் தனிக் கோப்புறை ஒதுக்கும். கோப்புறை இரண்டாகிவிட்ட பிறகு பெயர் ஒன்றாகவே இருந்தால், ஒரே இயந்திரத்துக்குள்ளேயே அ, ஆ கதை மீண்டும் நடக்கும்.

ஸ்பெக்கின் பொதுப் பகுதியை நிர்வகிக்க மூன்று வழிகள் உள்ளன.

1. வார்ப்புரு ஒர்க்ஸ்பேஸ். யாரும் சிங்க் செய்யாத ஒரு மாதிரி ஒர்க்ஸ்பேஸை உருவாக்கி, அதன் வியூவை ஒவ்வோர் இயந்திரத்தின் ஒர்க்ஸ்பேஸுக்கும் நகலெடுக்கச் சொல்லலாம். பெயர் வரும் இடங்களில் புதிய பெயர் தானாகப் பொருந்திக்கொள்ளும். மாதிரியில் ஒரு வரியை மாற்றினால், அடுத்த பில்டில் செருகுநிரல் எல்லா இயந்திரங்களுக்கும் அதைக் கொண்டு போகும்.

2. ஸ்ட்ரீம், அதாவது தன் வியூவின் விதிகளையும் சேர்த்தே வைத்திருக்கும் கிளை. திட்டம் ஸ்ட்ரீம் முறையில் அமைந்திருந்தால் வியூவை யாரும் எழுதவே வேண்டியதில்லை. ஸ்ட்ரீமின் வரையறையிலிருந்து சர்வரே அதை உருவாக்கும். பில்டுக்குத் தேவையற்ற மூலப் படங்களையும் ஒலிக் கோப்புகளையும் விலக்க, தாய் ஸ்ட்ரீமின் மேல் ஒரு வர்ச்சுவல் ஸ்ட்ரீமை வைத்து விலக்கல்களை அதில் எழுதலாம்.

3. ஸ்பெக்கையே ஒரு கோப்பாக டிப்போவில் வைப்பது. வியூ எப்போது, யாரால் மாறியது என்ற வரலாறு இதில் கிடைக்கிறது. பழைய கிளை ஒன்றை மறுபடி பில்ட் செய்ய நேரும்போது, அந்தக் காலத்து வியூவும் கையில் இருக்கும்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஸ்ட்ரீம் முறையே பொருத்தம். ஏற்கெனவே பழைய டிப்போவுடன் வாழும் குழு வார்ப்புருவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒர்க்ஸ்பேஸ் சிக்கலுக்காக மட்டும் டிப்போவை ஸ்ட்ரீமுக்கு மாற்றுவது கொசுவுக்குப் பயந்து கோட்டையைக் கொளுத்துவதாகும். செருகுநிரல் ஸ்டாடிக் என்றொரு வகையையும் தருகிறது. முன்பே உருவாக்கிய ஒர்க்ஸ்பேஸை அப்படியே பயன்படுத்தும் அது, ஒரே இயந்திரத்தில் ஓடும் பில்டுகளுக்கு மட்டும் உரியது. பல ஏஜென்டுகள் உள்ள இடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதே பல குழப்பங்களின் தொடக்கம்.

வேலையின் பெயர் பாதையிலும் இடம்பெறுவதால் விண்டோஸில் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய கருவிகள் பல, 260 எழுத்துகளுக்கு மேற்பட்ட பாதைகளை ஏற்பதில்லை. ஏஜென்டின் ரூட்டை இயக்ககத்தின் தலைப்பிலேயே, இரண்டு மூன்று எழுத்துகளில் அமைத்துக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

## எந்தப் பதிப்பை இறக்குவது

பல இயந்திரங்களில் ஒரே பில்டின் பகுதிகள் இணையாக ஓடும்போது, எல்லாரும் கடைசிப் பதிப்பை எடுக்கட்டும் என்று விட்டால் முடிவு ஒன்றாக இருக்காது. விண்டோஸ் ஏஜென்ட் 10:00:05-க்குச் சிங்க் தொடங்குகிறது. லினக்ஸ் ஏஜென்ட் வேறு வேலையில் இருந்ததால் 10:04-க்குத் தொடங்குகிறது. இடையில் யாரேனும் சமர்ப்பித்திருந்தால், ஒரே பில்ட் எண்ணின் கீழ் இரண்டு வெவ்வேறு மூலங்கள் இருக்கும்.

பெர்ஃபோர்ஸில் இதற்கு நேரடியான விடை உண்டு. சேஞ்ச்லிஸ்ட் எண் சர்வர் முழுமைக்கும் ஒரே வரிசையில் ஏறுவது. ஒரு சேஞ்ச்லிஸ்ட் முழுமையாக உள்ளே போகும், இல்லையேல் போகவே போகாது. எனவே பில்ட் கட்டங்களின் தொடரான பைப்லைனின் முதல் கட்டம், திட்டத்தின் பாதையில் கடைசியாகச் சமர்ப்பிக்கப்பட்ட சேஞ்ச்லிஸ்ட் எண்ணைக் கேட்டறிந்து, அதை ஒரு மாறியில் வைத்து, பின்வரும் எல்லா இயந்திரங்களுக்கும் அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். பாதையின் ஈற்றில் @ குறியிட்டு எண்ணை எழுதினால், அந்த எண் வரையிலான நிலையே இறங்கும். பில்ட் எண்ணும் இதிலிருந்தே அமையுமானால், ஓராண்டுக்குப் பிறகும் எந்த மூலத்திலிருந்து எது வந்தது என்று தேட வேண்டியிருக்காது. கோப்புகளின் குறிப்பிட்ட ரிவிஷன்களுக்கு லேபிள், அதாவது ஒரு பொதுப் பெயர், இட்டும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு பில்டுக்கும் பல லட்சம் கோப்புகளுக்கு லேபிள் இடுவது சர்வருக்கு வீண் சுமை.

## சுத்தம் செய்தலும் ஸ்னாப்ஷாட்டும்

வட்டும் கைவசப் பட்டியலும் விலகிவிட்டால் சேர்த்து வைக்கும் கட்டளைகள் பல உள்ளன. அவற்றின் திசையைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவது விலகலை இன்னும் மறைத்துவிடும்.

1. எஃப் கொடியுடன் (-f என்ற கூடுதல் குறியுடன்) சிங்க்: பட்டியலைப் பொருட்படுத்தாமல் எல்லாக் கோப்புகளையும் மறுபடி அனுப்பும். நம்பத்தக்கது, ஆனால் 200 ஜிபி திட்டத்தில் ஒவ்வொரு பில்டுக்கும் 200 ஜிபி பயணம். தவிர, டிப்போவில் இல்லாத எச்சக் கோப்புகளை இது தொடாது.

2. கிளீன்: வட்டில் உள்ளதைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, மாறியதை மீட்கும், காணாமல் போனதைத் திரும்பக் கொண்டு வரும், டிப்போவில் இல்லாததை அழிக்கும். ஒப்பிடுவதற்கு ஒவ்வொரு கோப்பையும் படித்து ஹாஷ் கணக்கிடுவதால் வட்டு உழைக்கும். நேரத்தை முதலில் பார்த்து மாறாதவற்றைத் தாண்டும் கொடி ஒன்று சுமையைக் குறைக்கும். பெர்ஃபோர்ஸ் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் இக்னோர் கோப்பில் எழுதப்பட்டவற்றை இது விட்டுவிடும் என்பதை மறக்கலாகாது: ஆப்ஜெக்ட் கோப்புகள் அதில் இருந்தால், கிளீன் ஓடிய பிறகும் அவை அங்கேயே இருக்கும்.

3. ஃப்ளஷ்: கோப்பு எதையும் அனுப்பாமல் பட்டியலை மட்டும் மாற்றும். சர்வரிடம், இவை என்னிடம் உள்ளன என்று வாக்குமூலம் கொடுப்பது இது. உண்மையா என்று சர்வர் கேட்காது.

4. பி கொடியுடன் சிங்க்: ஃப்ளஷுக்கு நேர் எதிர். கோப்புகளை அனுப்பும், பட்டியலில் எதையும் எழுதாது.

மெய்நிகர் இயந்திரங்களைப் பில்டுக்குப் பயன்படுத்தும் இடங்களில்தான் இந்த வேறுபாடுகளின் அருமை தெரியும். ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் இயந்திரத்தைச் சுத்தமான ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு உறையவைத்த வட்டின் நிலைக்கு, திருப்பும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்னாப்ஷாட்டில் 5000-ஆவது நிலை உறைந்திருக்கிறது. இன்றைய பில்ட் 5080 வரை சிங்க் செய்தது. பிறகு இயந்திரம் 5000-க்குத் திரும்பியது. சர்வரின் பட்டியலுக்கு இந்தப் பின்னோக்கிய பயணம் தெரியாது. அது 5080 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. நாளைய பில்ட் 5095-ஐக் கேட்டால், 5080-க்குப் பிறகு மாறியவை மட்டும் வந்து, 80 சேஞ்ச்லிஸ்டுகளின் மாற்றங்கள் விடுபடும். ஒரே இயந்திரம், ஒரே பெயர், சரியான ஹோஸ்ட் என எல்லாம் ஒழுங்காக இருந்தும் இந்தப் பிழை வருவதற்குக் காரணம், காலத்தில் பின்னால் போன வட்டு இன்னொரு வட்டுக்குச் சமம் என்பதே.

இதைத் தீர்க்க, இயந்திரம் எழுந்தவுடன் முதல் கட்டளையாக, ஸ்னாப்ஷாட்டில் உறைந்துள்ள எண்ணுக்கு, அதாவது 5000-க்கு, ஃப்ளஷ் செய்ய வேண்டும். பட்டியல் வட்டின் நிலைக்குத் திரும்பிய பிறகு 5095-க்குச் சிங்க் செய்தால் தேவையானவை மட்டும் சரியாக வந்துசேரும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே அந்த எண்ணை வட்டில் ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி வைத்தால், ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளும். மனித நினைவை நம்ப வேண்டாம். ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து பத்துப் புதிய இயந்திரங்களை எழுப்பும்போதும் இதே முறை பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் புதிய பெயர், அந்தப் பெயரில் 5000-க்கு ஃப்ளஷ், பிறகு சிங்க். 200 ஜிபி-க்குப் பதிலாகச் சில நூறு எம்பி-யோடு முடிந்துவிடும்.

## பிறந்து மடியும் இயந்திரங்கள்

மேகக் கணினியில் ஒரு பில்டுக்காக எழுந்து, அது முடிந்ததும் மறையும் ஏஜென்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்தால் முதல் சிக்கல் தீர்ந்து, வேறொன்று தொடங்கும். இயந்திரம் மறைந்தாலும் அதன் ஒர்க்ஸ்பேஸும் கைவசப் பட்டியலும் சர்வரில் தங்கிவிடும். பத்து லட்சம் கோப்புகள் கொண்ட திட்டத்தில் 300 அனாதை ஒர்க்ஸ்பேஸ்கள் சேர்ந்தால் பட்டியலில் 30 கோடி வரிகள். எல்லாரும் பகிரும் அந்தத் தரவுத்தளக் கோப்பு வீங்க வீங்க, பில்டுக்குத் தொடர்பே இல்லாத நிரலாளரின் சிங்க்கும் மெதுவாகும்.

முழுக் கோப்புகளையும் ஒவ்வொரு முறையும் இறக்கத்தான் போகிறோம் என்றால், பி கொடியுடன் சிங்க் செய்து பட்டியலில் எதையும் எழுதாமல் விடுவது எளிய வழி. படிப்படியான சிங்க் வேண்டும் ஆனால் எதையும் சமர்ப்பிக்கப் போவதில்லை என்றால், ஒர்க்ஸ்பேஸின் வகையைப் படிக்க மட்டும் என்று குறிக்கலாம். அப்போது அதன் கைவசப் பட்டியல் பொதுத் தரவுத்தளத்தில் சேராமல் தனிக் கோப்பாக வைக்கப்படும். ஒர்க்ஸ்பேஸை அழிக்கும்போது அதுவும் சிக்கலின்றிப் போய்விடும். சர்வர் நிர்வாகி அதற்கென ஒரு கோப்பகத்தை முன்பே குறித்திருக்க வேண்டும். பில்டின் முடிவில் ஏதேனும் கோப்பைச் சமர்ப்பிக்கும் வேலைகளுக்கு, இதே தனிச் சேமிப்புடன் எழுதவும் அனுமதிக்கும் பார்ட்டிஷன்டு என்ற வகை உண்டு.

எந்த வகையானாலும் அழிக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும். பில்ட் வெற்றி பெற்றால் மட்டும் ஒர்க்ஸ்பேஸை அழிக்கும் ஸ்கிரிப்டுகளே மிகுதி. தோற்ற பில்டுகள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன.

## நுழைவு அனுமதியும் தொலைதூரச் சர்வர்களும்

ஒர்க்ஸ்பேஸ் சரியாக இருந்தும் புதிய இயந்திரத்தில் வேலை தொடங்காமல் நிற்பதற்கு சர்வரில் நுழைந்ததும் கிடைக்கும் அனுமதிச் சீட்டான லாகின் டிக்கெட் காரணமாக இருக்கலாம். இயல்பாக ஒரு டிக்கெட், அதைப் பெற்ற இயந்திரத்தின் முகவரியிலிருந்து மட்டும் செல்லும். ஆயுள் 12 மணி நேரம். எல்லா இயந்திரங்களிலும் செல்லும் டிக்கெட்டைப் பெற லாகின் கட்டளைக்கு ஏ கொடி உண்டு. ஆயுளை நீட்டிக்க, பில்ட் கணக்கைத் தனிக் குழுவில் சேர்த்து அந்தக் குழுவின் கால வரம்பை மாற்றலாம். பில்ட் கணக்கு என்பதால் சர்வீஸ் வகைப் பயனராக உருவாக்கலாம் என்ற எண்ணம் பொய்த்துப் போகும்: அந்த வகை சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும் உரியது, சிங்க் செய்ய முடியாது.

விண்டோஸில் ஏஜென்ட் ஒரு சர்வீஸாக ஓடும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. டிக்கெட் கோப்பு பயனரின் சுயவிவரக் கோப்புறையில் இருக்கும். நிர்வாகி தன் கணக்கில் நுழைந்து லாகின் செய்துவிட்டுப் போனால், வேறொரு கணக்கில் ஓடும் சர்வீஸுக்கு அது கண்ணில் படாது. டிக்கெட் கோப்பின் இடத்தைச் சூழல் மாறியில் வெளிப்படையாகக் குறிப்பது இதற்குத் தீர்வு. மறையாக்கப்பட்ட இணைப்பில் சர்வரின் கைரேகையை ஏற்கும் டிரஸ்ட் கட்டளைக்கும் இதே விதி.

வேறு ஊரில் உள்ள பில்ட் பண்ணைக்கு ப்ராக்ஸி வைத்தால் ஒர்க்ஸ்பேஸ் அமைப்பில் எதுவும் மாறாது. அது கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே தேக்கி வைக்கும், பட்டியல் மையச் சர்வரில்தான். மையச் சர்வரின் வேலையில் ஒரு பகுதியைத் தொலைவில் ஏற்கும் எட்ஜ் சர்வர் அப்படியல்ல. ஒர்க்ஸ்பேஸும் அதன் கைவசப் பட்டியலும் அது உருவான எட்ஜ் சர்வருக்கே சொந்தம். இன்னொரு எட்ஜ் வழியாக அதே பெயரைப் பயன்படுத்தினால் மறுக்கப்படும். ஏஜென்டுகள் இரண்டு ஊர்களுக்கு இடையே நகரக்கூடும் என்றால், ஒர்க்ஸ்பேஸ் பெயரில் எட்ஜ் சர்வரின் அடையாளமும் இடம்பெற வேண்டும்.

## சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டிய வரிசை

ஒரு பில்ட் முரணாக நடந்துகொள்ளும்போது, எஃப் கொடியுடன் சிங்க் செய்து பார்ப்பதே பலரின் முதல் செயல். அது அறிகுறியை அழித்துவிடும். காரணம் அடுத்த வாரம் திரும்பி வரும். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றை லாகில் பதிந்துகொள்வது நல்லது.

1. பில்ட் நடந்த அதே கணக்கில், அதே கோப்புறையில் இருந்து இன்ஃபோ கட்டளையை ஓட்டி, சர்வர் காணும் ஒர்க்ஸ்பேஸ் பெயர், ஹோஸ்ட், ரூட் ஆகிய மூன்றையும் குறிக்கவும். மேல் கோப்புறை ஒன்றில் யாரோ விட்டுச்சென்ற, பெர்ஃபோர்ஸ் அமைப்புகள் கொண்ட கான்ஃபிக் கோப்பு ஒர்க்ஸ்பேஸ் பெயரை மாற்றிக்கொண்டிருப்பது இங்கேதான் வெளிப்படும். பெர்ஃபோர்ஸ் அந்தக் கோப்பை நடப்புக் கோப்புறையில் தொடங்கி மேல்நோக்கித் தேடிக்கொண்டே போகும்.

2. கிளீன் கட்டளையை முன்னோட்டமாக, எதையும் மாற்றாமல் ஓட்டவும். காணாமல் போன கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் பெயர் பகிரப்பட்டிருக்கிறது அல்லது வட்டு பின்னால் போயிருக்கிறது. ஓரிரண்டு மாறிய கோப்புகள் மட்டும் வந்தால், பில்ட் ஸ்கிரிப்டே அவற்றின் மேல் எழுதியிருக்கும்.

3. சர்வர் லாகில் அந்த ஒர்க்ஸ்பேஸ் பெயரைத் தேடி, எந்தெந்த முகவரிகளிலிருந்து சிங்க் வந்திருக்கிறது என்று பார்க்கவும். இரண்டு முகவரிகள் தென்பட்டால், அவற்றில் ஒன்று யாரோ ஒரு நிரலாளரின் மேசைக் கணினியாகவும் இருக்கலாம்: பில்ட் ஏன் தோற்றது என்று தன் இயந்திரத்தில் ஒரு முறை பார்ப்பதற்காக, பில்டின் ஒர்க்ஸ்பேஸ் பெயரையே அவர் எடுத்துப் பயன்படுத்தியிருப்பார். ஹோஸ்ட் புலம் நிரம்பியிருந்தால் அது முதல் கட்டளையிலேயே தடுக்கப்பட்டிருக்கும்.